இடது கண்ணுக்கு ஒரு ப்ரஷ்

செப்டெம்பர் 4, வியாழன்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. காலையில் கழுவிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்ட ப்ரஷ்கள் எல்லாவற்றிலும் மணல். திரும்பவும் கழுவல். இந்தக் கற்பிட்டியில் ஒரு சாமான் சுத்தமாகக் காய்ந்தால் அது அல்லாஹ்வின் கிருபை.

கண்ணுக்கான ப்ரஷ்கள், கழுவும்போது பார்த்தது:
பெரிய பஞ்சுத் தலை – 2. ஒன்று முடி கொட்டுகிறது.
இமை மடிப்புக்குப் போகும் கூர்த்தலை – 3. உருப்படியானது ஒன்றுதான்.
தட்டை – 4. இரண்டின் தகரக் கழுத்தில் துரு. உப்புக் காற்று.
பென்சில் முனை – 1.
புருவத்துக்கு – 1. நுனி விரிந்து விளக்குமாறு.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சினுக்குக்கூட இவ்வளவு சாமான் இல்ல பஸ்மியா" என்றார். இவருக்குத் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. கறுத்த கையோடு என் வெள்ளைத் துவாய்க்குக் கிட்ட வந்தார். துரத்திவிட்டேன்.

பின்னேரம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமி வந்தார். மகளுக்கு 14ஆம் திகதி நிகாஹ். பெண்ணைச் சோடிக்க வரவேண்டுமாம். சரி என்றேன். பெண்ணின் பெயரை முழுதாக எழுதவில்லை, ந. போதும். இந்தக் கொப்பி யார் கையில் அகப்படுமோ தெரியாது.

போகும்போது மாமி வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "மகள்ட இடது கண்ணு தெரியும்தானே?"

தெரியும். ஊரில் யாருக்குத் தெரியாது? ந.வுக்கு அப்போது ஐந்து வயது. கரையில் நின்று அவள் வாப்பா கைத்தூண்டிலைச் சுழற்றி எறிய, பின்னால் ஓடி வந்த பிள்ளையின் இமையில் கொளுக்கி ஏறிவிட்டது. பார்வை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். மேல் இமையில் ஒரு தழும்பு, நாலைந்து இமைமயிர் இல்லை. அவ்வளவுதான் மிச்சம். ஆனால் அந்த மனுசன் அதற்குப் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. இப்போது கருவாட்டு யாவாரம்.

"கண்ணுக்குக் கிட்ட ஒண்டையும் கொண்டுபோக உடமாட்டா. பெருநாளைக்குச் சுர்மாகூடப் போட்டதில்ல. இப்ப கலியாணத்துக்கு ரெண்டு கண்ணும் சோடிக்கோணும் எண்டு அவளேதான் சொல்றா. எப்பிடிப் போடுறயோ தெரியா."

"அதுக்கென்ன மாமி, நான் போடுறன். இன்ஷா அல்லாஹ்."

பெரிதாகச் சொல்லிவிட்டேன். இத்தனை பெண்களைச் சோடித்தவளுக்கு ஒரு இமை பெரிய காரியமா என்று ஒரு திமிர்.

செப்டெம்பர் 6, சனி

வெயில். காற்று. கழுதை ஒன்று காலையிலிருந்து கேற்றை முட்டிக்கொண்டு நின்றது. பாண் துண்டு போட்ட பிறகுதான் போனது.

ந. வீட்டில் முதல் ட்ரயல். பி.ப. 3 மணி.

நல்ல முகம். நெற்றி அகலம், தோல் சுத்தம். கண் இரண்டும் பெரிது. மாஷா அல்லாஹ். உடுப்பு வெள்ளைச் சாறி, தங்க வேலைப்பாடு. கண்ணுக்குச் செம்பு நிறம், ஓரத்தில் கொஞ்சம் மண்ணிறம் என்று பேசி முடித்தோம். வலது கண் பத்து நிமிடத்தில் முடிந்தது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

இடது கண்ணுக்கு வந்தேன். பெரிய பஞ்சுத் தலை. தொடவே இல்லை, நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கும்போதே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கதிரை சுவரில் இடித்தது.

"ஸொறி ராத்தா. இன்னொருக்காப் போடுங்க."

இன்னொருக்கா. அதே மாதிரி. கூர்த்தலையில் ஒரு தடவை, தட்டையில் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் "ஸொறி ராத்தா." ஏழாவது தடவை அவளுடைய கை தானாக எழும்பி என் கையைத் தட்டிவிட்டது. செம்புத்தூள் மாமியின் சுவரில். மாமி ஈரத்துணி எடுத்து வந்தார்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றேன். இரண்டு கண்ணுக்கும் ஒன்றும் போடாமல், நல்ல புருவம், நல்ல உதடு. அப்படியும் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். மாமிக்கும் அதுதான் விருப்பம். ந. முடியாது என்று தலையை ஆட்டினாள். மாமி தேத்தண்ணி ஊற்றப் போன பிறகுதான் சொன்னாள்.

"மாப்புளைக்காக இல்ல ராத்தா. அவருக்கு என்ட கண்ணப் பத்தி எல்லாம் சொல்லித்தான் இரிக்கு. இது வாப்பாக்கு."

"வாப்பாக்கா?"

"அவர் என்ட மொகத்தப் பாத்துக் கதைக்கிறல்ல. சாப்புடக்குள்ளயும் எனக்கு வலப்பக்கமாத்தான் இருப்பார். நிகாஹ்வுக்கு முந்தி என்னட்டச் சம்மதம் கேக்க அவர்தானே வரோணும். அண்டைக்காவது அவர் என்னயப் பாக்கோணும். அந்தக் கண்ண வடிவாப் பாக்கோணும்."

தேத்தண்ணி வந்தது. இஞ்சி கூடிப்போய்விட்டது. குடித்தேன்.

திரும்பி வரும்போது வாசலில் ந.வின் வாப்பா கருவாட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். "நல்லா வருமா?" என்று மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வரும் என்றேன். வேறு என்ன சொல்ல?

எனக்குப் பட்டது: முடி முரடு. தழும்புத் தோல் மெல்லிசு, குத்துகிறது. இதைவிட மிருதுவான ப்ரஷ் வேண்டும்.

செப்டெம்பர் 8, திங்கள்

ப்ரஷ் வாங்கப் புத்தளம். ஏழரை பஸ். யன்னல் சீட் கிடைத்தது.

முன் சீட்டில் இரண்டு பெண்கள். "அவன் வெளிநாட்டுல இருந்து ரைஸ் குக்கர் அனுப்பியிரிக்கான்." "அவ என்ன கேட்ட?" "அவனத்தான் கேட்ட." பாலாவி வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

உப்பளத்தில் ஆட்கள் வேலைக்கு இறங்கிவிட்டார்கள். வெள்ளை வெயில், கண் கூசியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள அழகுசாதனக் கடை. புதிய பெண் ஒன்று நிற்கிறாள், பல்லுக்குக் கம்பி போட்டவள். பொறுமை உண்டு. பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டாள். என் முறையை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்:

– உள்ளங்கையில் அழுத்தி விரி. முடி கொட்டினால் திருப்பி வை.
– தகரக் கழுத்தைப் பிடித்து ஆட்டு. கடகட என்றால் வை.
– மணிக்கட்டின் உள்பக்கம் தடவு. பிறகு உதட்டுக்கு மேல். அங்கே குத்தினால் கண்ணிலும் குத்தும்.
– தலை சின்னதா என்று பார். ந.வின் இமை மடிப்பு ஒடுக்கம். பெரிய தலை புருவம் வரைக்கும் பூசிவிடும்.
– முடியின் நுனி வெட்டிய நுனியா, இயற்கை நுனியா. வெட்டியது குத்தும்.

ஒன்று, தொட்டால் தொட்டது தெரியவில்லை. சாம்பல் நிறம், வட்டத் தலை. "அது ஆட்டு முடி ராத்தா, நல்ல சாமான்" என்றாள் பல்லுக்கம்பி. பக்கத்தில் நைலோன் முடியில் ஒன்று தேன் நிறத்தில் இருந்தது. அதுவும் மோசமில்லை. ஆனால் ஆட்டு முடி ஆட்டு முடிதான். அதையே வாங்கினேன். கூடவே ஒரு பாக்கெட் மாரி பிஸ்கட்.

வெற்றி பெற்ற மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

நேற்றைய வெற்றி இன்று மாமியின் குசினியில் எரிந்தது. உண்மையாகவே எரிந்தது.

ப்ரஷைக் காட்டினேன். மாமி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன முடி?"

"ஆட்டு முடி மாமி."

"யார் சொன்ன?"

"கடையில நிக்கிற புள்ள."

"அவளுக்கு யார் சொன்ன?"

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெட்டியில் ஒன்றும் எழுதியில்லை, சீன எழுத்துத்தான். மாமி மெதுவாக, கோபமே இல்லாமல்: "பண்டி முடியா இருந்தா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பன்றி முடி இவ்வளவு மெல்லிசாக இருக்குமா என்று சத்தம் போட்டேன். சரி, பார்த்துவிடுவோம் என்று அடுப்பைப் பற்றவைத்து, என் பழைய நைலோன் ப்ரஷில் ஒரு முடி, புதியதில் ஒரு முடி, பிடுங்கி நெருப்பில் காட்டினேன். நைலோன் உருகிச் சின்ன மணியாகிவிட்டது. புதியது சுருண்டு கருகி, தலைமுடி எரிந்த நாற்றம்.

"அப்ப இது முடிதான்" என்றேன்.

"முடிதான். எதுட முடி?"

அதை நெருப்பு சொல்லவில்லை. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாதத நிகாஹ் அண்டைக்கு அவட மொகத்துல வெக்க வாணாம் மகள். உங்கட தொழில நான் குறையா நினைக்கல்ல." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டி கழுவும்போது கோபம் இறங்கியது. அவர் கேட்டது சரியான கேள்வி. இத்தனை வருசமாக நான் அதை ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை.

என் ப்ரஷ் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொரு முடி எரித்துப் பார்த்தேன். மூன்றில் முடி, மற்றதெல்லாம் நைலோன். புருவ ப்ரஷ் அந்த மூன்றில் ஒன்று. முடி தடிப்பு, விறைப்பு, நுனி இரண்டாகப் பிளந்து. எதன் முடி என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே போதும். எத்தனை பெண்களின் புருவத்தில் இதை வைத்து இழுத்திருப்பேன்? தெரியாமல் செய்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். மூன்றையும் புதியதையும் ஒரு கடதாசியில் சுற்றி வெளியே வைத்துவிட்டேன்.

இவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். "கோழி வாட்டுறயா?" இன்றைக்கு இவரிடம் பேச்சில்லை.

செப்டெம்பர் 10, புதன்

மேகம். மழை மாதிரி ஒரு பாவனை, மழை இல்லை.

பேச்சில்லை என்றது அரைநாள். இவர் எஞ்சின் பார்ட்ஸ் எடுக்கப் புத்தளம் போவதாகச் சொன்னார். எனக்கு இன்று ஒரு பிள்ளைக்கு மருதாணி இருந்தது, போக ஏலாது. ஆகவே பேசவேண்டி வந்தது. அந்தக் கடை, அந்தப் பல்லுக்கம்பி, நைலோன் முடி, தேன் நிறம், சின்னத் தலை. மூன்று தடவை சொன்னேன். ஒரு தட்டையும் வேண்டும், பவுடர் அல்லாமல் கிரீம் பூசுவதற்கு. தழும்புத் தோலில் தூள் நிற்காது, வழுக்கிவிடும். கிரீமை வைத்து அழுத்த வேண்டும். இதெல்லாம் இவருக்கு எதற்கு? சொன்னேன்.

முற்பகல் 11 மணிக்கு தொ.பே. அழைப்பு.

"பஸ்மியா, தேன் நிறத்துல நாலு இரிக்கு. நாலும் ஒரே மாதிரி."

"ஒரே மாதிரி இல்ல. தலையைப் பாருங்க. மணிக்கட்டுல தடவிப் பாருங்க."

"தடவினன். என்ட கையில ஒண்டும் விளங்கல்ல, தோல் காய்ச்சுப் போய்த்து."

"அப்ப கண்ணை மூடிட்டு இமையில தடவிப் பாருங்க."

"கடைக்குள்ளயா?"

"கடைக்குள்ளதான்."

போனை எங்கோ வைக்கிற சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் சிரிப்பு கேட்டது. பிறகு வேறு யாரோ ஒரு பொம்பளையின் சிரிப்பு. பிறகு இவர்: "மூணாவதுதான். பூனைக்குட்டி முதுகு மாதிரி இரிக்கு. வைக்கிறன், ஆக்கள் பாக்கிறாங்க."

கொண்டு வந்ததைப் பார்த்தேன். சரியான தெரிவு. நான் போயிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன். இவர் இமையில் லேசாக மினுக்கம் ஒட்டியிருந்தது, கடையில் யாரோ பூசிப் பார்த்த ப்ரஷ் போல. அதோடே அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறார். நான் சொல்லவில்லை.

செப்டெம்பர் 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இரண்டாவது ட்ரயல். மாமி புதிய ப்ரஷைத் தானே எரித்துப் பார்த்தார். உருகியது. முகம் மலர்ந்தது. வட்டிலப்பம் வந்தது.

ந. தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழு எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிகாஹ் அன்றைக்கு மத்தியானம் ளுஹர் தொழுது, அதே வுழுவோடு சோடித்து, அஸரும் தொழவேண்டும், அதற்கும் ஒரு ஒத்திகை. வலது கண் முடிந்தது. இடது கண். கண்ணை மூடச் சொன்னேன். மூடினாள். பூனைக்குட்டி முதுகைக் கொண்டுபோனேன்.

பழைய குருடி கதவைத் திறடி. தலை பின்னால், கதிரை சுவரில்.

நாலு தடவை. பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதவிட மெல்லிசா ஒரு சாமான் துன்யாவுல இல்ல புள்ள! இன்னும் எங்க போய் வாங்கிற நான்?" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகு வெட்கம். ஞாயிற்றுக்கிழமை கலியாணப் பெண், அவளைப் போய்.

ந. அழவில்லை. மடியில் இருந்த துவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

"முடி குத்துதா?"

"இல்ல ராத்தா. முடி ஒண்டும் செய்யல்ல. அண்டைக்கும் செய்யல்ல."

"அப்ப என்ன?"

"அந்தத் தடி. பின்னால நீளமா வாரது. கண்ண மூடினா அது வாரது தெரியுது. காத்து வெட்டுற மாதிரி. யாரோ ஒராள் அங்கால இருந்து எறியிற மாதிரி."

அட அல்லாஹ்வே. ஆறு நாளாக முடியைத் தடவினேன், பிடுங்கினேன், எரித்தேன், ஒரு மனுசனைக் கடை நடுவில் கண்ணை மூட வைத்தேன். இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ப்ரஷில் பாதிக்கு மேல் தடிதான். அது என் கண்ணிலேயே படவில்லை.

என் விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். லேசாக நடுங்கினாள், ஆனால் தலையை இழுக்கவில்லை. விரலால் இமையின் நடுவில் நிறம் ஏறியது. ஓரத்துக்கும் இமைமயிர் இல்லாத இடத்துக்கும் என் விரல் தடிப்பு, சரிவரவில்லை. பிறகு அவளுடைய கையையே கொண்டுபோகச் சொன்னேன். நடுக்கமே இல்லை. தன் கை வருவது தனக்குத் தெரியும்தானே.

"அப்ப நீயே போடு" என்றேன்.

"எனக்கு ஏலா ராத்தா."

"ஏலும். தடி இல்லாத ப்ரஷ் தாறன்."

வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டேன். கத்தினதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

செப்டெம்பர் 13, சனி

இவரிடம் புதிய ப்ரஷ் இரண்டையும் கொடுத்து, தடியை வெட்டுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், ப்ரஷைப் பார்த்தார். "நான் மானம் கெட்டு வாங்கினத்த?" பிறகு காரணம் சொன்னேன். இரும்பு வாளை எடுத்தார்.

சின்ன விரல் நீளத்துக்கு மிச்சம் வைத்து வெட்டல். வெட்டிய முனையை அரக்கடதாசியால் உருட்டி உருட்டித் தேய்த்தார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தார். எஞ்சினுக்குக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

"அந்தப் புள்ளட வாப்பா முந்தி என்னோட கடலுக்கு வந்தவர்" என்றார் திடீரென்று. "நல்ல கை. தூண்டில் போட்டா எங்க விழோணுமோ அங்கதான் விழும். அண்டைக்குப் பொறகு கரைப் பக்கம் வந்து நிக்கவே மாட்டார்." இது எனக்குத் தெரியாத கதை. தேய்த்துக்கொண்டே சொன்னார்.

பி.ப. 4. ந. வீடு. வீடு முழுக்கச் சனம், கோழி வெட்டல், வெங்காயம் உரித்தல், நடுவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், ஒரே கண்ணாடி. என் கண்ணில் நான் செய்வேன், அதைப் பார்த்து அவள் செய்ய வேண்டும்.

இழுக்காதே, வை. வைத்து எடு. வைத்து எடு.

முதல் தடவை: புருவம் வரைக்கும் செம்பு. யாரோ குத்துவிட்ட மாதிரி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமி கதவைத் தட்டினார்.
இரண்டாவது: ஓரம் வெளியே ஓடிவிட்டது.
மூன்றாவது: தழும்புக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. என் கண்ணில் இன்னொருக்கா வைத்துக் காட்டினேன். பிறகு வைத்தாள்.
நான்காவது: பரவாயில்லை.
ஐந்தாவது: நல்லம்.

வலது கண்ணையும் அவளே போடுவாளாம். சரி, என் சம்பாத்தியத்துக்கு மண் என்றேன். "ராத்தா!" என்று தோளில் அடித்தாள்.

நாளைக்கு மறக்கக்கூடாதவை: ஊசி, பின் பெட்டி, கறுப்பு முக்காட்டுத் தொப்பி, கிரீம் செம்பு, தட்டை, வெட்டின இரண்டு, கண்ணீர் வந்தால் ஒற்ற மெல்லிய கடதாசி, என் கண்ணாடி, தண்ணிப் போத்தல்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து காற்றே இல்லை. சோளகம் கலியாணத்துக்கு லீவு கொடுத்த மாதிரி.

பி.ப. 1.15 ந. வீடு. ளுஹர் தொழுதுவிட்டுத் தயாராக இருந்தாள். முகம், புருவம், உதடு எனக்கு. கண் இரண்டும் அவளுக்கு. வலது கண் இருபது நிமிடம். இடது கண் முக்கால் மணித்தியாலம். மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் இரண்டு தடவை கதவைத் தட்டி, "இன்னும் முடியல்லயா?" பொண்ணு சோடிக்கிறவ சரியான மந்தம் என்று ஒருத்தி சொன்னது நன்றாகக் கேட்டது. சொல்லட்டும்.

தழும்பு மறையவில்லை. மறைக்கவும் இல்லை. செம்பு நிறம் அதன் மேலும் ஏறி, இமை முழுக்க ஒரே சீராக நின்றது. இரண்டு கண்ணும் அச்சொட்டாக ஒன்று என்று சொல்ல மாட்டேன், இடது ஒரு மயிரிழை தூக்கல். நான் கை வைக்கவில்லை. சாறி உடுத்தி, முக்காடு குத்தி, அஸர் தொழவைத்தேன்.

4.20. ஆண்கள் வருகிற செருப்புச் சத்தம். பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கல். நானும் மாமியும் திரைச்சீலைக்குப் பின்னால்.

ந.வின் வாப்பா, இரண்டு சாட்சி. ஒருவர் வாப்பாவின் தம்பியான அவளுடைய சாச்சா, மற்றவர் பள்ளிவாசலிலிருந்து வந்த வயதாளி, கையில் சம்மதத் தாள்.

வாப்பா வந்து, கட்டிலில் இருந்த அவளுடைய வலது பக்கமாக நின்றார். வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. தரையைப் பார்த்தபடி மாப்பிள்ளையின் பெயரையும் அவருடைய வாப்பாவின் பெயரையும் சொல்லி, "உன்னைய அவருக்கு நிகாஹ் செஞ்சு குடுக்கப் போறன். சம்மதமா மகள்?"

ந. பேசவில்லை. வாப்பா நின்றார். அவள் பேசவில்லை.

கன்னிப் பெண் பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்று எடுப்பதுதான் எங்கள் வழக்கம். அநேகம் பேர் வெட்கத்தில் பேசுவதில்லை. பள்ளிக்காரர் தாளை விரித்து, "மௌனமா இருந்தா சம்மதம்தான். கையெழுத்த வாங்குவம்" என்றார்.

"இல்ல" என்றாள் ந.

மாமியின் நகம் என் கையில் இறங்கியது. வெளியே ஒரு ஊரே சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது.

"வாப்பா என்னயப் பாத்துக் கேக்கட்டும். அப்ப சொல்றன்."

சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பள்ளிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வாப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ந. தன் இடது பக்கத்துக் கட்டிலில் கையால் தட்டினாள். "இங்கால வாங்க வாப்பா."

சுற்றி வந்தார். இடது பக்கம் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் திருப்பி அவருக்கு நேராக வைத்து, இரண்டு கண்ணையும் மூடினாள். மூடினால்தானே இமை தெரியும்.

அவர் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல ஏலாது. பிறகு அவர் கை எழும்பியது. பெரிய கை, கருவாட்டு உப்பில் வெடித்த விரல். நேராக இடது கண்ணை நோக்கித்தான் போனது. ஐயோ, தலையை இழுக்கப் போகிறாள், கட்டில் சட்டத்தில் அடிபடப் போகிறாள் என்று நான் திரையை விலக்கிவிட்டேன்.

அவள் அசையவில்லை. பெருவிரல் தழும்பின் மேல் பட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவாகப் போனது.

"சம்மதமா மகள்?"

"சம்மதம் வாப்பா." கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

அவளுடைய கையெழுத்து முதலில். பிறகு வாப்பா. தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டார். அவர் பெருவிரல் இருந்த இடத்தில் செம்பு நிறத்தில் ஒரு அடையாளம். பள்ளிக்காரர் அதைக் கண்டார், ஊதிப் பார்த்தார், போகவில்லை. அப்படியே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.